தவக்காலத்துச் சனிக்கிழமை

ஈரத் துணியால் கணவர் றொனால்டின் வலது கைப் பெருவிரலைக் கிளறிற்றா துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய மூச்சு நின்றது. நின்றதை அவள் உடனே நம்பவில்லை. முந்தின நாள் பின்னேரத்திலிருந்தே அது அப்படித்தான் நின்று நின்று வந்துகொண்டிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள். பத்து, பிறகு பதினைந்து, வெள்ளிக்கிழமை விடிந்தபோது இருபத்தைந்து. இம்முறை அறுபது வரை எண்ணினாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு, கையிலிருந்த விரலைத் துடைத்து முடித்தாள்.

விரல் வழுவழுவென்று இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. நாலு வருடமாக மாசி, பங்குனி மாதங்களில் அந்தப் பெருவிரலின் உட்புறம் அரம் போட்டுத் தேய்த்ததுபோலச் சிராய்ந்து கிடக்கும். கேட்டால், "பஸ் ஸ்டியரிங்" என்பார். இருபது வருடம் பஸ் ஓட்டியவருக்கு மாசியில் மட்டும் ஸ்டியரிங் கடிக்குமா என்று அவள் திருப்பிக் கேட்டதில்லை.

கேட்காத இன்னொன்றும் இருந்தது. அந்த இரண்டு மாதத்துச் சனிக்கிழமைகளில் அவர் காலையிலேயே வெளிக்கிட்டுவிடுவார். "மீன் பிடிக்கப் போறன்" என்பார். லண்டன் குட்மேய்ஸ் வீட்டில் ஒரு தூண்டில் முள் கூடக் கிடையாது. சாமானெல்லாம் கூட்டாளியின் காரில் கிடக்கிறதாம். அந்தக் கூட்டாளியும் ஒருநாள்கூட வீட்டு வாசலை மிதித்ததில்லை. பொழுதுபட்டதும் ஒரு பையில் இரண்டு பாஸ் மீனோடு வந்து நிற்பார்.

கிளறிற்றா பேசாலைக்காரி. தகப்பன், சித்தப்பன், அண்ணன்மார் எல்லாருமே கடலுக்குப் போனவர்கள். இருபத்துநாலு வயதில் லண்டனுக்கு வரும்வரை மீன் வெட்டாத நாள் அவளுக்கு இருந்ததில்லை. அவளிடம் போய் அந்த மனிதர் கடை மீனை நீட்டினார். இரண்டும் ஒரே நீளம், ஒரே எடை, தேய்ந்த வால், வயிறு நிறையக் கொழுப்பு. தொட்டியில் வளர்ந்து, கடலைக் காணாமலே செத்த மீன்கள். அவள் வெட்டிக் கழுவிப் புளி விட்டுக் குழம்பு வைத்து, "நல்ல மீன்" என்பாள். "ஓம்" என்பார் அவர். தவக்காலம் முழுவதும் இருவரும் அந்தப் பொய்யைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள்.

யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று கிளறிற்றா முடிவு கட்டியிருந்தாள். அதுவும் மீன் வாங்கத் தெரியாத ஒருத்தி.

வியாழக்கிழமை மத்தியானம், முன்னறையில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் இருந்து, கடைசியில் அவள் கேட்டே விட்டாள்.

"இஞ்சருங்கோ. சனிக்கிழமையளில எங்கை போனனீங்கள்?"

"மீன் பிடிக்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, "சொன்னா நீர் நம்பமாட்டீர்" என்றார். அதன் பிறகு தண்ணீர் கேட்டார். பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

வெள்ளி மத்தியானமே பியூனரல்காரர் வந்து உடலைக் கொண்டுபோய்விட்டார்கள். அடக்கத்துக்கு இன்னும் இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். கட்டில் மட்டும் மடித்து வைக்கப்பட்டுக் கிடந்தது. றொனால்டின் அக்கா மரியநாயகி வந்து வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். படத்துக்கு மாலை போட்டாள், மெழுகுதிரி கொளுத்தினாள், சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்குச் செபமாலை என்று பங்கு முழுவதற்கும் போன் எடுத்தாள். செபமாலையைக் கிளறிற்றாதான் தொடங்க வேண்டும். ஐம்பத்துமூன்று மணியும் அந்தப் படத்தைப் பார்த்தபடி சொல்ல வேண்டும். அவளால் அது ஏலும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இறந்த மனிதர்மீது கோபம் வைத்துக்கொண்டு அவருடைய ஆத்துமாவுக்காக எப்படி மன்றாடுவது?

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கதவு மணி அடித்தது. வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, காலில் முழங்கால் வரை சேற்றுப் பூட்ஸ்.

"ரொனால்ட் வீடு இதுதானா? நான் நரசிம்மன். எப்பவும் தெருமுனையிலயே இறங்கிண்டுடுவார், அதனால வீடு தெரியாது. நாலு வீடு விசாரிச்சுண்டு வர்றேன். போன மூணு சனிக்கிழமையா போனே எடுக்கல…"

அவர் பார்வை உள்ளே போய் மாலை போட்ட படத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு பூட்ஸைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டு வந்து, படத்துக்கு முன்னால் கைகூப்பினார்.

மகள் அஜித்தா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். கிளறிற்றா எதிரே இருந்தாள்.

"நீங்களோ அந்தக் கூட்டாளி?"

"ஆமா. அவர் பஸ்லதான் பழக்கம். தூண்டில் கம்பு, பூட்ஸ் எல்லாம் இன்னும் என் டிக்கிலதான் கிடக்கு."

"உண்மையா மீன் பிடிக்கத்தான் போனவரோ?"

"பின்னே?"

"அப்ப பிடிச்ச மீன் எங்கை?"

நரசிம்மன் கோப்பையைக் கீழே வைத்தார். "விட்டுடுவோம். பெப்ரவரி, மார்ச் ரெண்டு மாசம் பாஸ் மீன எடுத்துண்டு போகக் கூடாதுன்னு சட்டம். பிடிச்சா திரும்பத் தண்ணிலயே விட்டுடணும். நான் மீன் சாப்பிடறவன் இல்ல. ரிட்டையர் ஆனப்போ பையன் தெரியாத்தனமா தூண்டில் கம்பு வாங்கிக் குடுத்துட்டான். மத்த மாசத்துல பிடிச்சா எல்லாரும் கொல்லச் சொல்லுவா. இந்த ரெண்டு மாசம் சட்டமே என் பக்கம்."

மரியநாயகி வாயில் சேலைத் தலைப்பை வைத்தாள். "மீன் தின்னாத ஐயர் மீன் பிடிக்கிறாராம், எங்கட தம்பி பிடிச்சதைக் கடலில விடுறாராம். கிளறிற்றா, ஆரிட்டையடி இந்தக் கதையெல்லாம்?"

"ஐயங்கார்" என்று நரசிம்மன் மெதுவாகத் திருத்தினார்.

கிளறிற்றா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறவர் இதைவிட நம்பும்படியாகச் சொல்லியிருப்பார். ஆனாலும் நாலு வருடச் சந்தேகம் ஒரு கோப்பைத் தேத்தண்ணி முடிவதற்குள் எழும்பிப் போகுமா?

"இண்டைக்கும் போறீங்களோ?"

"மூணு மணிக்குத் தண்ணி ஏறும். அவர் வருவார்னு…"

"என்னையும் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

மரியநாயகி எழுந்து குறுக்கே வந்தாள். "நேற்றுத்தான் தம்பி செத்தவன். ஆக்கள் துக்கம் விசாரிக்க வருவினம். நீ கடற்கரைக்குப் போறியோ?"

"ஏழு மணிக்கு முதல் வந்திடுவன், மச்சாள். இதைப் பாக்காமல் என்னால அந்தப் படத்துக்கு முன்னால இருக்க ஏலாது."

"அம்மா, சீரியஸா?" என்றாள் அஜித்தா. தாயின் முகத்தைப் பார்த்தாள். வெளியே போய்க் காரின் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

டாட்போர்ட் பாலத்தைத் தாண்டிக் கென்ற் கரைக்குப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. கார் நின்ற இடத்தில் சீமெந்துக் கடலணையும், அதற்கப்பால் சேறும், சேற்றுக்கப்பால் சாம்பல் நிறத்தில் தேம்ஸ் முகத்துவாரமும் கிடந்தன. தூரத்தில் ஒரு மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. அங்கிருந்து வரும் இளஞ்சூட்டுத் தண்ணீர் இந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது என்றும், குளிருக்கு ஆழத்துக்குப் போகாத ஒன்றிரண்டு மீன் அதைத் தேடி வரும் என்றும் நரசிம்மன் சொன்னார். காற்று முகத்தைக் கிழித்தது. இதுவும் ஒரு கடலா என்று கிளறிற்றா மனதுக்குள் ஏளனம் செய்தாள்.

அவர் டிக்கியைத் திறந்தார். றொனால்டின் பூட்ஸ் அங்கே இருந்தது. மடித்து வைத்த மழைக்கோட்டும் இருந்தது. கோட்டின் மேல் ஒரு நீலக் கம்பளித் தொப்பி. இரண்டு நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் அவள் வாங்கிக் கொடுத்தது. பஸ்ஸில் தவறவிட்டுவிட்டேன் என்று அவர் சொல்ல, அதற்காக அவள் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அவள் தொப்பியை எடுத்து உள்ளே முகர்ந்து பார்த்தாள். அவருடைய தலைமணமும் உப்பும் இருந்தன. தலையில் போட்டுக்கொண்டு, பூட்ஸுக்குள் காலை விட்டாள். இரண்டு அளவு பெரிது.

"நிறைய மீன் வருமோ?"

"எங்க! நாலு வருஷத்துல ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பதினொண்ணு. முதல் மீனை அவர்தான் பிடிச்சார். சட்டம் தெரியாது அவருக்கு. பக்கத்துல நின்ன வெள்ளக்காரர் சொல்லித்தான் விட்டார். விட்டுட்டு அரை மணி நேரம் பேசவே இல்ல. அப்புறம், 'அடுத்த சனிக்கிழமையும் வருவமோ' ன்னு மட்டும் கேட்டார்."

நரசிம்மன் றொனால்டின் தூண்டிலை வீசிவிட்டு அவளிடம் கொடுத்தார். அவள் வாழ்நாளில் வலை இழுத்திருக்கிறாள், அறுந்த வலைக்கு மால் முடிந்திருக்கிறாள், தூண்டிற்கம்பு பிடித்ததில்லை. தண்ணீர் மெல்ல ஏறிச் சேற்றை மூடியது. ஒரு மணித்தியாலம் போனது. விரல்கள் விறைத்துப் போயின. வீட்டில் மச்சாள் யார் யாரிடம் என்னென்ன சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது, கம்பு சடாரென்று வளைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதியை அவள் கை செய்தது, பாதியை நரசிம்மனின் கூச்சல் செய்தது. அணைக்கட்டின் படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று இழுத்தாள். சாம்பல் தண்ணீர் பிளந்துகொண்டு வெள்ளி நிறத்தில் அது மேலே வந்தது. ஒன்றரை முழத்துக்குக் குறையாது. முதுகில் முள் விரிந்து நின்றது. ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக வெளிச்சத்தை வாங்கி வைத்திருந்தது. கொடுவாயின் சாதி என்று உடனே தெரிந்தது. ஆனால் இப்படி ஒன்றை அவள் உயிரோடு கண்டதில்லை.

அவள் கை பழக்கத்தில் நேரே செவுளுக்குப் போனது.

"ஐயோ, செவுளத் தொடாதீங்கோ" என்று நரசிம்மன் பதறினார். "பெருவிரலை வாயில விட்டுக் கீழ்த்தாடையைப் பிடிச்சுக்கோங்கோ. இன்னொரு கை வயத்துக்கு அடில. தண்ணிக்குள்ளயே வைங்கோ, தலை தண்ணி வர்ற பக்கம் பார்க்கணும். ரொம்பக் களைச்சிருக்கு. அது பிழைக்கிற வரைக்கும் நாம விடக் கூடாது. அவர் இருபது நிமிஷம்கூட நின்னிருக்கார்."

கிளறிற்றா குனிந்து மீனைத் தண்ணீருக்குள் பிடித்தாள். மீன் அசையவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் நிமிர்த்திப் பிடித்தாள். செவுள் ஒரு தரம் திறந்து மூடியது. பிறகு ஒன்றுமில்லை. அவளை அறியாமல் எண்ணத் தொடங்கினாள். இருபத்தைந்தில் செவுள் மறுபடி திறந்தது. நேற்று விடியற்காலை எண்ணிய அதே எண்ணிக்கை.

அடுத்தது இருபதில் வந்தது. அதற்கடுத்தது பதினைந்தில். பத்தில். நேற்று இறங்கிப் போன படிகளில் இன்று ஏதோ ஒன்று அவள் கைக்குள் ஏறி வந்துகொண்டிருந்தது. எண்ண முடியாத அளவுக்குச் செவுள் அடிக்கத் தொடங்கியபோது, வாய் அவளுடைய பெருவிரலை இறுக்கிக் கவ்வியது. அரம்போலச் சொரசொரத்த பல். வலித்தது. அவள் கையை எடுக்கவில்லை. மீன் உடம்பை ஒருமுறை முறுக்கி, வாலால் அவள் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது.

அவள் வெறும் கையோடு அப்படியே குனிந்து நின்றாள். ஐம்பத்தெட்டு வருடத்தில் கோடி மீனைப் பார்த்திருக்கிறாள். எல்லாமே தண்ணீரிலிருந்து வந்தவை. ஒன்றுகூடத் தண்ணீருக்குத் திரும்பிப் போய் அவள் பார்த்ததில்லை. அப்படியும் நடக்கலாம் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். "ஆண்டவரே" என்றாள்.

நரசிம்மன் தூண்டிலைச் சுருட்டினார்.

திரும்பும்போது அவர் காரை ஈஸ்ட் ஹாம் வரை சுற்றிக்கொண்டு போய், ஒரு மீன்கடைக்கு எதிரே வேகத்தைக் குறைத்தார். "பழக்கதோஷம்" என்றார். "இங்கதான் நிறுத்தச் சொல்வார். நான் மூக்கைப் பொத்திண்டு உக்காந்திருப்பேன். ஒரு நாள் கேட்டேன், அவங்க கண்டுபிடிச்சுட மாட்டாங்களான்னு. 'கிளறிற்றாவுக்குத் தெரியும்' னார்."

"என்ன?"

"'பாத்த உடனே தெரிஞ்சிருக்கும், ஆனா கேக்கமாட்டா' ன்னார். அப்போ உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானேன்னேன். அதுக்கு அவர், 'அவவின்ர ஆக்கள் ஒரு மீனுக்காக உயிரைக் குடுத்துக் கடலில கிடந்தவை. நான் பிடிச்ச மீனை விட்டிட்டன் எண்டு எந்த வாயால சொல்லுறது' ன்னார். இதை அப்படியே சொல்லணும்னுதான் ஞாபகம் வச்சிருக்கேன்."

கிளறிற்றா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கடையில் ஐஸுக்குமேல் பாஸ் மீன்கள் ஒரே நீளத்தில் வரிசையாகக் கிடந்தன. அவள் அழத் தொடங்கினாள். அவர் இறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. நரசிம்மன் கார் ஓட்டுவதில் மட்டும் கவனமாக இருந்தார்.

வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது ஏழுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. முன்னறை நிறைய ஆட்கள். தலையில் நீலத் தொப்பியோடும் நனைந்த சேலையோடும் வந்தவளை எல்லாரும் பார்த்தார்கள். மரியநாயகி மட்டும் பக்கத்தில் வந்து, "கையைக் கழுவிப்போட்டு வா, மீன் மணக்குது" என்று காதோடு சொன்னாள்.

"இருக்கட்டும், மச்சாள்."

அவள் படத்துக்கு நேரே இருந்து செபமாலையைக் கையில் எடுத்தாள். குரல் நடுங்காமல் வந்தது. மூன்றாம் பத்தில் மரியநாயகி அவளுடைய விரலைக் கண்டுவிட்டு எழுந்து போய், பிளாஸ்டர் ஒன்றோடு வந்து நீட்டினாள். கிளறிற்றா தலையை மட்டும் அசைத்தாள். சிராய்ந்த பெருவிரலில் உரசி உரசி, அடுத்த மணியும் அதற்கடுத்த மணியும் நகர்ந்தன.