நிறுத்தும் பொத்தான்

போர்வையின் முனை கட்டிலை விட்டு இறங்கியிருந்தது. அவள் குனிந்து மேலே இழுத்துவிட்டாள். கணவரின் பாதங்கள் மறைந்தன.

கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்ததிலிருந்து அவளை அதன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு கையைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பிடித்திருந்தாள். இன்னொரு கையைப் பிடிக்க ஆள் மாறிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தால் யாராவது தோளை அழுத்தினார்கள்.

"எங்க போற? என்ன வேணும்னு சொல்லு, எடுத்துத் தர்றோம்."

அவளுக்கு வேண்டியது உள்ளறையில் இருந்தது. அதை யாராலும் எடுத்துத் தர முடியாது.

"சாயங்காலம் வண்டி வந்துடும்," என்றார் கணவரின் அண்ணன். "எல்லாம் முடிஞ்சதும் நேரா நம்ம வீட்டுக்கு வந்துடும்மா. இந்த வீட்டைக் காலி பண்ணிடலாம். தனியா இருந்து என்ன பண்ணப் போற?"

அது கேள்வி இல்லை.

"மாடி ரூமை ஒழிச்சு வைக்கச் சொல்லிட்டேன்," என்றாள் ஓரகத்தி. "ஜன்னல்தான் கிடையாது. ஃபேன் இருக்கு."

அவள் வேலை பார்த்த அச்சகம் போன வருடம் மூடப்பட்டது. அங்கே பக்கம் வடிவமைத்த கைதானே என்று இணையதளம் கட்டும் பயிற்சியில் சேர்ந்தாள். மென்பொருளில் ஒரு பெட்டியை இழுத்து வேண்டிய இடத்தில் வைத்தால் போதும், பக்கம் தயாராகிவிடும். முதல் பக்கத்தை முடித்த அன்று அவளுக்கே அது அழகாகத் தெரிந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். காட்டினாள் என்றால், கேட்கச் சொன்னாள். பார்வை போன பிறகு அவர் கம்ப்யூட்டரைக் காதால்தான் படித்தார். திரையில் இருப்பதை ஒரு குரல் வாசித்துச் சொல்லும். திரையை அணைத்தே வைத்திருப்பார். கேட்டால், "கரண்டாவது மிச்சமாகட்டும்" என்பார்.

அன்று அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"முதல்ல போன் நம்பர் சொல்லுது. அப்புறம் விலாசம். யாரோட கடைன்னு கடைசியிலதான் சொல்லுது. தலை கீழ கிடக்கு, கால் மேல நிக்குது."

"பார்க்கிறதுக்கு வரிசையாத்தான் இருக்கு."

"பார்க்கிறவனுக்கு இருக்கு."

அவள் பெட்டிகளை இழுத்துப் போட்ட வரிசையில்தான் குரல் வாசிக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. எல்லாவற்றையும் கலைத்து, தலைப்பைத் தலைப்பென்று குறித்து, ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதினாள். பயிற்சி நிலையத்தின் விதிமுறையும் அதையேதான் கேட்டது. கண் தெரியாதவருக்கும், கை நடுங்கி மவுஸ் பிடிக்க முடியாதவருக்கும் பக்கம் ஓட வேண்டும். கடைசிப் பாடமாக ஒரு பல் மருத்துவமனைக்கு இணையதளம். இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். தேறினால் வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. பக்கத்தின் உச்சியில் மூன்று படங்கள் தானாகவே மாறிக்கொண்டிருந்தன. மாறும்போதெல்லாம் குரல் படித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, வந்த படத்தைச் சொல்லப் போய்விடும்.

"ஒரு வரி முழுசா கேட்க விடமாட்டேங்குது. நிறுத்துறதுக்கு ஒரு பட்டன் வை," என்றார் அவர்.

"அந்த மூலையில பட்டன் வச்சா கண்ணை உறுத்தும்."

"எனக்கு உறுத்தாது."

இன்று காலையிலும் அந்தப் பக்கத்தைத்தான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "இதை நிறுத்த வழியே இல்லையா?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "வர்றேன், இருங்க" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு போனபோது அவர் மேசைமேல் கவிழ்ந்திருந்தார். இதயம் என்றார் மருத்துவர். ஹெட்போனை அவள்தான் கழற்றி வைத்தாள். கம்ப்யூட்டரை அணைக்கத் தோன்றவில்லை.

"கையெல்லாம் சில்லுனு இருக்கே, கொஞ்சம் தண்ணியாவது குடி," என்றாள் தையல்காரம்மா. அவள் தலையசைத்து மறுத்தாள்.

ஓரகத்தி ஒரு பையோடு உள்ளறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஜிப் இழுபட்டது. பிறகு எதிலோ இடித்துக்கொண்ட ஓசை. உடனே வீடு முழுக்க ஒரு பெண் குரல் நிரம்பியது.

"மூன்றில் ஒன்று. சிரிக்கும் குழந்தை."

கூடத்தில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். தையல்காரம்மாவின் பிடி இறுகியது.

"மூன்றில் இரண்டு. வெள்ளைக் கோட்டில் மருத்துவர்."

"எவன்டா டிவி போட்டது?" என்றார் அண்ணன்.

"நான் எதையும் தொடலைங்க," என்றாள் ஓரகத்தி உள்ளேயிருந்து. "கால் தட்டி ஹெட்போன் ஒயர் பிடுங்கிடுச்சு."

"மூன்றில் மூன்று. காலியான நாற்காலி."

யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"சுவிட்சை அணை முதல்ல," என்று அண்ணன் எழுந்தார்.

"தொடாதீங்க அத்தான்."

அத்தனை பேருக்கும் நடுவே காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. தையல்காரம்மா கையை விட்டாள். அவள் உள்ளே போய்க் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் அறை வாசற்படியில் நின்றார்.

"இப்ப கம்ப்யூட்டர் முக்கியமாம்மா? வெளிய எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க."

"சத்தத்தை நிறுத்தணும் அத்தான்."

"அதுக்குத்தான் சுவிட்ச் இருக்கே."

"இது வேற."

அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

அவள் திரையை உயிர்ப்பித்தாள். இடப்பக்கப் பட்டியலிலிருந்து ஒரு பொத்தானை இழுத்துப் படங்களின் மூலையில் வைத்தாள். நினைத்த மாதிரியே கண்ணை உறுத்தியது. அப்படியே விட்டாள். அது படங்களின் ஓட்டத்தை நிறுத்தும்படி இணைத்தாள். குரல் வாசிக்கும் வரிசையில் படங்களுக்கு முன்னால் அதை ஏற்றினாள். பெயர் கேட்ட கட்டத்தில் 'நிறுத்து' என்று தட்டினாள். குழந்தையும் மருத்துவரும் நாற்காலியும் அதற்குள் எத்தனையோ முறை வந்து போனார்கள். கூடத்தில் வேறு வழியில்லாமல் எல்லாரும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சேமித்துப் பக்கத்தைப் புதிதாகத் திறந்தாள். பிறகு திரையை அணைத்தாள். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் செய்வதுபோல், அடுத்த பொத்தானுக்குத் தாவும் டேப் விசையைத் தடவி அழுத்தினாள்.

"நிறுத்து. பொத்தான்."

எண்டர் தட்டினாள்.

குரல் நின்றது. கூடத்து மின்விசிறியின் சத்தம் கேட்டது. அவள் கீழ் அம்பு விசையை அழுத்திக்கொண்டே போனாள். மருத்துவமனையின் பெயர், நேரம், விலாசம் என்று ஒவ்வொரு வரியையும் முழுசாகக் கேட்டாள். கடைசி வரி வரைக்கும் எதுவும் குறுக்கே வரவில்லை. திரையைப் போட்டுப் பக்கத்தைப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"அம்மா, வா. தூக்கப் போறாங்க," என்றார் அண்ணன்.

"வர்றேன், இருங்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

கதவோரம் அவளுடைய துணிகளோடு பை நின்றிருந்தது. ஓரகத்தி அதைத் தூக்கக் குனிந்தாள்.

"அக்கா, பை இங்கேயே இருக்கட்டும்."

ஓரகத்தி புருஷனைப் பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்தார்.

அவள் பையைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மேசைமேல் ஹெட்போன், அவர் தலையின் அகலத்துக்கு விரிந்தபடியே கிடந்தது.