வலது கீழ் மூலை

செல்லாத ஓட்டுச் சாக்கில் அவள் அந்த அட்டையைப் போட்டபோது மேக்கப் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"அதுல என்னடி குறை? டிக்கு சரியாத்தானே இருக்கு?"

"மூலையில கிறுக்கியிருக்குக்கா."

"பிள்ளைங்கன்னா கிறுக்கத்தான் செய்யும். பின்ன ஸ்கேலெடுத்து கோடு போடுமா?"

"சட்டம் நான் போட்டதா? செவுத்துல ஒட்டியிருக்கு பாருங்க."

சுவரில் ஒட்டித்தான் இருந்தது. பெட்டிக்குள் ஒரே ஒரு டிக். அட்டையில் வேறு எங்கே எந்தக் குறி இருந்தாலும் செல்லாது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மட்டும் ஓட்டுப் போட்டு, தொலைக்காட்சியில் தங்களுக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுக்கும் விருது அது. ஜெயித்தவருக்குத் தங்க முலாம் பூசிய தவளை ஒன்று கிடைக்கும். வாங்கியவர் மேடையிலேயே ஒருமுறை தவளை மாதிரிக் கத்திக் காட்ட வேண்டும். பிள்ளைகள் பார்ப்பதே அதற்காகத்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் அம்மா, நடனமாடும் தன் மகளுக்காக முந்நூறு அட்டைகளைத் தன் கையாலேயே நிரப்பி அனுப்பிவிட்டாள். 'என் மகள்தான் பெஸ்ட்' என்று ஓரத்தில் வேறு எழுதியிருந்தாள். அன்றைக்குப் பிறந்ததுதான் இந்தச் சட்டம்.

ஓட்டு அட்டையைத் தொலைக்காட்சிப் பெட்டி வடிவத்திலேயே வெட்டியிருந்தார்கள். நடுவில் ஐந்து படங்கள்: மந்திரக்காரர், நடனப் பெண், அணில் கார்ட்டூன், முதலைப் பொம்மை, வினாடி வினா மாமா. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெட்டி. ஒரு பிள்ளை ஐந்துக்கும் டிக் அடித்து, 'எல்லாரும் பாவம்' என்று எழுதியிருந்தது. இன்னொன்று எல்லாப் படத்தையும் மறைத்துத் தன்னுடைய புகைப்படத்தையே ஒட்டி அனுப்பியிருந்தது. மேக்கப் அக்கா அதை மட்டும் சாக்கில் போட மனசில்லாமல் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தாள். "இதுதான்டி பிழைக்கிற பிள்ளை" என்றாள்.

விருது மேடை கட்டுவதால் அந்த வாரம் படப்பிடிப்பு இல்லை. சும்மா இருப்பவர்களை ஓட்டுப் பிரிக்க உட்கார வைத்திருந்தார்கள். மேக்கப் அக்காவும் அவளும் அப்படி வந்தவர்கள். சனிக்கிழமை காலைக் குழந்தைகள் நிகழ்ச்சியில், திரையின் வலது கீழ் மூலையில், ஓர் உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் நின்று, மற்றவர்கள் பேசுவதையெல்லாம் சைகை மொழியில் சொல்வது அவள் வேலை. ஏழு வருஷமாகிறது. நிலையத்தில் எல்லோருக்கும் அவள் 'கை மேடம்'. முதலை பேசினாலும் அவள்தான், மந்திரக்காரர் பேசினாலும் அவள்தான். கறுப்புச் சட்டை, வளையல் கிடையாது, மோதிரம் கிடையாது. மேக்கப் அக்கா அவள் முகத்துக்குப் பூசுகிற நேரத்தைவிடக் கைக்குப் பூசுகிற நேரம் அதிகம். நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது அந்த வட்டத்தை எடுத்துவிடுவார்கள், பெயர்கள் ஓட இடம் வேண்டுமே. அந்தப் பெயர்களிலும் அவள் பெயர் இருந்ததில்லை.

ஒரே ஒரு தொல்லை அவளுடைய முன்மயிர். என்ன ஊசி குத்தினாலும் ஒரு கற்றை நழுவி நெற்றியில் விழும். இரண்டு கையும் பேசிக்கொண்டிருக்கையில் அதை ஒதுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவாள்? உதட்டைக் குவித்து மேல்நோக்கி உஃப்பென்று ஊதிவிடுவாள். "ஊதாதீங்க மேடம், பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று தயாரிப்பாளர் மூன்று முறை சொல்லிவிட்டார். அவளும் மூன்று முறையும் சரி சார் என்றாள். நாலாவது வாரமும் ஊதினாள்.

அந்தத் தயாரிப்பாளர்தான் போன வாரம் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மேடம், விருது விழாவிலேர்ந்து அந்த மூலைக்கு பிஸ்கட் கம்பெனிக்காரங்க பொம்மை வருது. அதுக்கப்புறம் சனிக்கிழமையும் அதேதான்."

"அப்ப நம்ம பிள்ளைங்களுக்கு யார் சார் சொல்றது?"

"எந்தப் பிள்ளைங்க? அதைத்தான் மேலிடத்துலயும் கேக்கறாங்க. ஏழு வருஷத்துல உங்க வட்டத்தைப் பத்தி ஒரு கடுதாசி வந்திருக்கா? ஒரு போன்? யாராவது பாக்கறாங்கன்னு எதையாவது காட்டுங்க, நான் பேசிப் பாக்கறேன்."

அவளிடம் காட்ட ஒன்றுமில்லை. தம்பிக்குக் காது கேட்காது. சின்ன வயசில் அம்மா எதைச் சொன்னாலும் "தம்பிகிட்ட சொல்லு" என்று முடிப்பாள். சாப்பாடு, திட்டு, சாவுச் செய்தி எல்லாம் அவள் கை வழியாகத்தான் அவனுக்குப் போயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கேமராக் கண்ணாடிக்குப் பின்னால் எங்கோ தம்பி மாதிரி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் கையைத் தூக்குவாள். ஆனால் நினைப்பதைக் கவரில் போட்டுக் காட்ட முடியுமா?

மத்தியானம் மூன்று மணி இருக்கும். அவள் எடுத்த ஓர் அட்டையில் எந்தப் பெட்டியிலும் டிக் இல்லை. படங்களுக்கு மேலே, கொட்டை எழுத்தில், வரி கோணிக்கொண்டு எழுதியிருந்தது: 'பேர் தெரியாது. இங்க இருக்கறவங்க.' அந்த வரியிலிருந்து ஒரு நீளமான அம்பு கிளம்பி, முதலையைச் சுற்றிக்கொண்டு, அணிலைத் தாண்டி, வலது கீழ் மூலைக்கு வந்து நின்றது. அங்கே ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு தலை, இரண்டு பெரிய கைகள்.

அவள் அட்டையைக் கீழே வைக்காமல் அப்படியே இருந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டே?"

அவள் எழுந்தாள். செல்லாத சாக்கை இழுத்துத் தரையில் கொட்டினாள். முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மூலைக் கிறுக்கல் என்று அவளே தூக்கிப் போட்டவை. எல்லாம் வட்டம். சிலதில் தலை மட்டும், சிலதில் கை மட்டும், ஒன்றில் பத்து விரலுக்குப் பதில் பதினாலு. கிரேயான், பென்சில், பச்சை மை. பலதிலும் தலைக்கு மேலே மூன்று நான்கு கோடுகள் எழும்பி நின்றன.

முப்பத்திநாலு.

"அக்கா, நேத்து சாக்கு எங்க?"

"காலையிலயே வண்டியில ஏத்தி காகிதக் கூழ் மில்லுக்கு அனுப்பிட்டாங்களே."

"நேத்தும் இருந்துச்சுக்கா. நான்தான் போட்டேன். என் கையாலயே போட்டேன்."

மேக்கப் அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓர் அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

"நீதான்டி. சட்டைக்குக் கறுப்பு அடிச்சிருக்கு பாரு. ஆனா தலையில ஏன் ஆவி பறக்குது? உன்னைப் பாத்தா குக்கர் மாதிரியா இருக்கு?"

"கொம்பா இருக்குமோ?"

"உனக்கு எதுக்குக் கொம்பு. எந்திரி, போய்க் காட்டு. கடுதாசி கேட்டாரில்ல?"

"நான் எண்ணற ஓட்டுல எனக்கே ஓட்டா? நீங்களா இருந்தா நம்புவீங்களா?"

"நான் நம்புவேன்."

"நீங்க விடுங்க. அந்தப் போட்டோப் பிள்ளைக்கே ஓட்டுப் போட்டவங்க நீங்க."

மேக்கப் அக்கா அட்டைக் கட்டைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பவுடர் படிந்த அவள் விரல்கள் மேல் அட்டையில் பதிந்தன. இவள் பின்னால் ஓடினாள்.

தயாரிப்பாளர் ஒவ்வொன்றையும் அவசரப்படாமல் பார்த்தார். புரட்டி, பின்பக்கமும் பார்த்தார். அம்பு போட்ட அட்டையில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்.

"எல்லாம் ஒரே சாக்குலேர்ந்தா?"

"ஆமா சார்."

"எந்த ஸ்கூல், எந்தக் கவர்னு தெரியாதா?"

"கவரைக் கீழேயே கிழிச்சு, கலந்துதான் சார் மேல அனுப்பறாங்க."

"மேடம், இதை நீங்க வரைஞ்சீங்கன்னு நான் சொல்லல. வேற எவனாவது சொன்னா நான் என்னத்தைச் சொல்றது? எண்ண உக்காந்தது நீங்க. டான்ஸ் அம்மா கதை ஊருக்கே தெரியும்."

"ஓட்டா எண்ண வேணாம் சார். எனக்கு எதுக்குத் தவளை? பாக்கறாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்னுதானே சொன்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மூலை வித்தாச்சும்மா. முந்தாநேத்து கையெழுத்தாயிடுச்சு" என்றார். மேடம் என்பது அம்மாவானதை அவள் கவனித்தாள். வெளியே வரும்போது அவர் அட்டைகளைச் சாக்குக்குக் கொடுக்காமல் மேஜை இழுப்பறையில் வைத்து மூடுவதையும் பார்த்தாள். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை தம்பி கைப்பேசித் திரையில் வந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: 'அந்தப் பிள்ளைங்க உன்னை என்னன்னு கூப்பிடறாங்க?' காது கேளாதவர்கள் தங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகையைப் பேராக வைப்பார்கள். தம்பி அவளைக் கூப்பிடுவது எப்போதும் கட்டைவிரலால் கன்னத்தைத் தொட்டு; அக்கா என்று அர்த்தம், அவ்வளவுதான். 'அவங்களுக்கு என் பேரே தெரியாதுடா' என்றாள். 'தெரியாட்டி வச்சிருப்பாங்க' என்றான் அவன்.

விருது விழா அன்று அவளுக்கு வேலை இல்லை. பவுடர் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று மேக்கப் அக்கா இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "வீட்ல உக்காந்து அந்த பிஸ்கட்டை முறைக்கப் போறியா? இங்க வந்து முறை." பழக்கதோஷத்தில் கறுப்புச் சட்டையே போட்டு வந்திருந்தாள். நிறைய ஓட்டு அனுப்பிய பள்ளிகளில் குலுக்கல் போட்டு ஏழெட்டுப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்திருந்தார்கள். வரிசை வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். இரைச்சல் கூரையை முட்டியது.

கடைசியாக வந்த ஒரு வரிசையில் மட்டும் இரைச்சல் இல்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும். அவர்களுடைய கைகள்தான் பறந்துகொண்டிருந்தன. தள்ளி உட்காரு. தண்ணி எங்க? என் இடம் இது. பக்கத் திரைக்குப் பின்னால் பவுடர் பெட்டியோடு நின்ற அவள் திரையை விலக்கிப் பார்த்தாள்.

முதலைப் பொம்மைதான் ஜெயித்தது. பொம்மைக்குள் கைவிட்டு ஆட்டுகிறவர், கையோடு முதலையையும் கொண்டுவந்து தவளையை வாங்கினார். ஒலிவாங்கியில் முதலையின் குரலில் தவளையாகக் கத்தினார். இருமல் பிடித்த தவளை மாதிரி இருந்தது. அரங்கமே உருண்டு சிரித்தது.

அந்த நாற்பது பிள்ளைகளும் சிரிக்கவில்லை. பக்கத்து வரிசை ஏன் சிரிக்கிறது என்று திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, யாரோ சொல்லி வைத்த மாதிரி, எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. மேடைக்கு மேலே தொங்கிய பெரிய திரையின் வலது கீழ் மூலைக்கு. அங்கே ஒரு பிஸ்கட் பொம்மை கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பெண் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கீழே குனிந்து தன் செருப்பின் பட்டையைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

"அக்கா, இதைப் பிடிங்க."

"எங்கடி போறே? நேரலைடி. கேமரா ஓடுது."

அவள் நடந்தாள். மேடையின் வலது ஓரத்தில், படிக்கட்டு இறங்கும் இடத்தில், ஆள் தடுக்கி விழாமலிருக்க ஒரு சின்ன விளக்கு போட்டிருந்தார்கள். அதன் அடியில் போய் நின்றாள். கைகளைத் தூக்கினாள். முதலை ஜெயிச்சாச்சு. முதலை தவளையா கத்துது. அந்தத் தவளைக்கு இருமல். கன்னம் இரண்டையும் உப்பி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் கத்திக் காட்டினாள், சத்தமே இல்லாமல். எங்கோ பின்னால் தயாரிப்பாளர் குரல், "யாரது ஓரத்துல?" என்றது. பிறகு அந்தக் குரலும் ஓய்ந்தது.

செருப்புப் பட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த பெண்தான் முதலில் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கையை இடித்தாள். அது அடுத்ததை இடித்தது. வரிசை முழுக்க இடித்துக்கொண்டே போனது. அந்தப் பெண் எழுந்து நாற்காலி மேல் ஏறி நின்று, கை இரண்டையும் முன்னால் நீட்டி, உதட்டைக் குவித்து, தன் நெற்றி மயிர் எழும்பும்படி மேல்நோக்கி ஊதினாள். அடுத்த பிள்ளையும் ஊதியது. அதற்கடுத்ததும். சும்மா காற்றை அல்ல, அவளைப் பார்த்து, ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற முகத்தோடு. நாற்பது நெற்றிகளுக்கு மேல் மயிர் எழும்பி எழும்பி விழுந்தது.

மேடையில் வினாடி வினா மாமா அடுத்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். அவள் கைகள் அவரோடு ஓடிக்கொண்டிருந்தன. ஊசியை மீறி அந்தக் கற்றை நழுவி அவள் கண் மேல் விழுந்தது. நாற்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.