ஈரம் காயாத சீட்டு

காசுக்கு விழுந்த ஓட்டு அந்த நகரத்தில் நனைந்துதான் இருக்கும். பெட்டியைக் கவிழ்த்தால் நல்ல சீட்டுகள் சலசலவென்று உதிரும், வாங்கிய சீட்டுகள் சொத்தென்று விழும். ஏன் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஈரச் சீட்டு செல்லாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை, ஈரத்தோடு எதையும் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்று மட்டும் இருந்தது. அதனால் காய வைத்து எண்ணும்படி நகரசபை சுற்றறிக்கை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனது. வெயிலுக்கும் மின்விசிறிக்கும் அந்த ஈரம் மசியாது, கரிபோட்ட இஸ்திரிப் பெட்டிக்குத்தான் அடங்கும். ஆகவே எண்ணும் கூடத்தின் மூலையில் எப்போதும் ஓர் இஸ்திரி மேசை கிடந்தது. ஒன்பதாம் வார்டின் மேசையில் நாலு தேர்தலாக நின்றவர் ஒரே இஸ்திரிக்காரர். கருகிய சீட்டு செல்லாது என்பதால் ஒன்றைக்கூட அவர் கருக்கியதில்லை.

ஐந்தாவது தேர்தலில் அவர் மனைவியே வேட்பாளராக நின்றாள். தையல்காரி, நாக்கும் ஊசிதான். மேசைக்கு வேறு ஆள் வேண்டும் என்று எதிராளிகூடக் கேட்கவில்லை, அவர் கை அத்தனை சுத்தம். எதிராளி, மூன்று முறை ஜெயித்த காண்டிராக்டர். கால்வாய் ஓரத்து நாற்பது வீடுகளை இடித்துவிட்டுக் கிடங்கு கட்டக் காகிதமெல்லாம் தயாராக வைத்திருந்தார். பழைய பதவிக்காலம் முடிந்த பிறகுதான் அவை கைக்கு வந்தன, புதிய வார்டு உறுப்பினர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்த நாற்பதில் இஸ்திரிக்காரரின் வீடும் ஒன்று. "என் பேர்ல ஒரு சீட்டு நனைஞ்சு வந்தாலும் அது எனக்கு வேணாம்" என்று தையல்காரி வாசல் வாசலாகச் சொல்லிவிட்டு வந்தாள். முதலில் சிரித்தவர்கள் பிறகு யோசிக்க ஆரம்பித்தார்கள்.

எண்ணிக்கை அன்று காண்டிராக்டரின் ஈரச் சீட்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தன. இஸ்திரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொடுத்தார். வேலை வேலைதான். மத்தியானம் இரண்டு பேரும் எழுநூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றார்கள். ஒரே ஒரு சீட்டு மிச்சம், அதையும் அவர் மேசைக்குத்தான் அனுப்பினார்கள். விரித்துப் பார்த்தார். தையல் மிஷின் சின்னத்தில் முத்திரை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

போன வாரம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஆறு சட்டைகளை வாங்க வந்தபோது, மடித்துக்கொண்டே தான் சொன்னது இஸ்திரிக்காரருக்கு நினைவுக்கு வந்தது. "கூலி வேணாம் சார், எங்க வீட்டுக்காரிக்கு ஒரு ஓட்டைப் போட்டுடுங்க." மரியாதைக்குச் சொன்னது. அதுவும் விலைதான் என்று அப்போது உறைக்கவே இல்லை. சட்டென்று சீட்டின்மேல் பெட்டியை வைத்தார், ஆவி குப்பென்று கிளம்பியது. கூடம் முழுக்கப் பார்த்தது. அவளும் பார்த்தாள்.

எழுந்து மேசைக்கு வந்தாள். "யாருங்க வாங்கினது?"

"நான்தான். ஆறு சட்டைக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம வீடு போயிடும். பேசாம உக்காரு."

"நாற்பது வீட்டுலயும் போய்ச் சொன்னேனே. இப்ப எந்த மூஞ்சியோட போவேன்?"

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் அவர் கையிலிருந்த பெட்டியைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். காகிதம் பழுப்பேறி, கறுத்து, நாற்றமடித்தது. அவர் கையை இழுக்கவில்லை. வீடு போகிற கோபத்திலும் அவளை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது.

சமம் என்றால் குலுக்கல். குலுக்கும் பாத்திரம் வருவதற்குள் காண்டிராக்டரும் அதிகாரியும் பக்கத்து அறையில் தேநீர் குடித்துவிட்டு வந்தார்கள். இரண்டு பேரின் பெயரையும் எழுதிப் போட்டு, குலுக்கி, அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். காண்டிராக்டர் பெயர். சீட்டிலிருந்து வழிந்த தண்ணீர் அதிகாரியின் முழங்கைவரை ஓடியது. அதிகாரி யார் முகத்தையும் பார்க்காமல் சீட்டை இஸ்திரி மேசைமேல் வைத்து, "தேய்ச்சுக் குடுப்பா" என்றார்.

இஸ்திரிக்காரர் பெட்டியைத் திறந்து, கனன்றுகொண்டிருந்த கரியை வாளித் தண்ணீரில் கொட்டினார். "கரி தீந்துபோச்சு சார்" என்றார்.

வெளியூரிலிருந்து இரண்டு இஸ்திரிக்காரர்களை வரவழைத்தார்கள். அவர்கள் மேசையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மூன்று அதிகாரிகள் மாறிவிட்டார்கள். பதினோரு வருடமாக அந்தச் சீட்டு நகரசபை அலுவலகத்தில் கொடியில் தொங்குகிறது, கீழே ஒரு வாளி. அது காயாமல் ஒன்பதாம் வார்டுக்கு அடுத்த தேர்தலும் இல்லை, உறுப்பினரும் இல்லை, கையெழுத்துப் போடவும் ஆள் இல்லை. நாற்பது வீடுகளும் இருக்கின்றன. குழாய் ரிப்பேருக்கும் தெருவிளக்குக்கும் சனங்கள் தையல்காரியிடம்தான் போகிறார்கள். வாளி நிறைந்தால் கடைநிலை ஊழியர் வாசல் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வந்து மறுபடி வைக்கிறார்.