தயராவுக்கு ஒரு பிள்ளை

அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைக் கேட்பதில் என் வீட்டுக்காரர் வர்கீஸை மிஞ்ச ஆள் கிடையாது.

திருமுல்லைவாயிலில் எங்கள் சபையின் பழைய மடம் ஒன்று இருக்கிறது. தயரா என்போம். எங்கள் தாத்தாக்கள் கேரளாவிலிருந்து பிழைக்க வந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். எங்களுக்கு இப்போது ஜெபம் மட்டும்தான் மலையாளம், சண்டையெல்லாம் தமிழில்தான். கடைசித் துறவி காலமானதும் தயராவைப் பூட்டியவர்கள் அதோடு மறந்துபோனார்கள். மாங்காட்டுப் பக்கம் இருந்த இன்னொன்று கல்யாண மண்டபமாகிவிட்டது. இதுவும் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் வர்கீஸ் ரிட்டயர் ஆகிவிட்டார்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபோர்மேனாக இருந்தவர். அதட்டுவதற்கு ஆள் இல்லாமல் வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆவடி, பூந்தமல்லி என்று வீடு வீடாக ஏறி ஆள் திரட்டினார். வௌவால்களை விரட்டினார், கிணற்றைத் தூர் வாரினார், ஓடு மாற்றினார். கோட்டயத்திலிருந்து ஒரு துறவி வந்து சேர்ந்தார். துறவிகளை நாங்கள் ரம்பாச்சன் என்று கூப்பிடுவோம். ஒருவரால் ஒரு தயரா நடக்காது, கூட ஆள் வேண்டும். அங்கேதான் என் வீட்டுக்காரரின் வாய் திறந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் தயராக் கோயிலில் குர்பானா, அதாவது எங்கள் பூசை, முடிந்ததும் டிரஸ்டி என்ற முறையில் எழுந்து நிற்பார். "கட்டடம் ரெடி. ஆள்தான் இல்ல. ஊட்டுக்கு ஒரு புள்ளய கேக்கல, இத்தனை ஊட்ல ஒரே ஒரு புள்ளய கேக்கறேன்" என்பார். ஒருநாள் சாக்கோவைப் பார்த்து, "மூணு பையன வெச்சுகினு ஒண்ண தர மனசில்லயா உனக்கு? கடவுளுக்குத்தான கேக்கறேன், எனக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். சாக்கோ தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு உடம்பு கூசியது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "உனக்கு இன்னா தெரியும் சோசம்மா, கேட்டாத்தான் தருவாங்க" என்றார்.

கேட்டது கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது எங்கள் ஒரே பிள்ளை எல்தோ தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அப்பா, நான் தயராவுக்குப் போலாம்னு இருக்கேன்."

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ஓடு மாற்றிய நாளெல்லாம் லீவு போட்டுவிட்டுக் கூரை மேல் இருந்தவன். ஞாயிறுதோறும் பலிபீடத்துக்குப் பக்கத்தில் தூபக்கலசம் பிடிக்கிறவன். ஊரில் வேறு எந்தப் பையன் மேலும் இவர் கண் விழுந்தது, தன் வீட்டுப் பையன் மேல் விழவில்லை.

வர்கீஸ் முதலில் சிரித்தார். அப்புறம், "நீ இன்னா பேசற? உனக்குப் பொண்ணு பாத்துகினுகீறோம்" என்றார். போகக்கூடாது என்று சொல்ல முடியாதே. எந்த வாயால் சொல்வார்? எல்தோ ரொம்ப நேரம் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கை கழுவப் போனான்.

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு தயராவுக்குப் போனார். பையனுக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடுங்கள் என்று கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ரம்பாச்சன் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ரம்பாச்சா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. எல்தோவுக்குச் சின்ன வயசுலேந்து வலிப்பு. மாத்திரையிலதான் ஓடிகினுகீது. தனியா உடாதீங்கன்னு டாக்டர் சொல்லிகீறாரு."

என் பிள்ளைக்கு ஜலதோஷத்துக்கு மேல் எதுவும் வந்ததில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரம்பாச்சன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு, "பாவம் பையன். நான் பார்த்துப் பேசுகிறேன்" என்றார். அவர் நம்பிவிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் எல்தோ தயராவிலிருந்து திரும்பி வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு அடுக்களைக்கு வந்து, "நீயும் போயிருந்தியாம்மா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தூபக்கலசம் வேறொரு பையன் கையில் இருந்தது. நெருப்புக் கங்கு இருக்கும் கலசம், வலிப்பு வந்தால் ஆபத்து என்று ரம்பாச்சன் நல்ல மனதோடு செய்த ஏற்பாடு. வெள்ளை அங்கி இல்லாமல் எல்தோ ஆண்கள் பக்கம் முதல் வரிசையில், அவன் அப்பாவுக்கும் சாக்கோவுக்கும் நடுவில் நின்றான். பெண்கள் பக்கம் கிசுகிசுத்தார்கள். "எல்தோவுக்கு வலிப்பாமே? சொல்லவே இல்லியே நீ" என்று பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்தாள். கையை விடுவித்துக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பில்லை.

குர்பானாவின் நடுவில் சமாதானம் கொடுப்போம். ரம்பாச்சன் கூப்பி நீட்டும் கைகளைப் பீடத்துப் பையன் தன் இரண்டு கைகளாலும் பொத்தி வாங்கி, கீழே இறங்கி முதல் ஆளுக்குத் தருவான். அவர் அதே மாதிரி அடுத்தவருக்கு. அப்படியே கைக்குக் கை மாறிக் கடைசி வரிசை வரை போகும். மனதில் வஞ்சமோ பொய்யோ வைத்துக்கொண்டு கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

டிரஸ்டிக்குத்தான் முதலில் வரும். வர்கீஸ் வாங்கினார். வாங்கிய கைகளோடு எல்தோ பக்கம் திரும்பினார். அவன் இரண்டு கைகளையும் விரித்துத் தயாராக நின்றான். இவரால் முடியவில்லை. அவனைத் தாண்டி சாக்கோவுக்கு நீட்டினார்.

சாக்கோ வாங்கவில்லை. "முதல்ல புள்ளைக்குக் குடு வர்கீஸ்" என்றார். குரலில் கோபம் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை.

வர்கீஸின் கைகள் நடுவிலேயே நின்றுவிட்டன. பின்வரிசைகள் எட்டிப் பார்த்தன. பாட்டும் தடுமாறி நின்றது. எஸ்டேட்டில் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல் ஐயா அது, மெதுவாகப் பேசினாலும் கோயில் முழுக்கக் கேட்டது.

"இவனுக்கு ஒரு நோவும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். அனுப்ப மனசு வரல."

சாக்கோவின் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று பட்ட அவமானத்துக்கு அவள் ஒரு முறை முறைத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கண்ணில் இரக்கம்தான் இருந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று நின்றேன்.

எல்தோ கையை மடக்கவில்லை. "குடுங்கப்பா" என்றான். "பின்னாடி எல்லாரும் நிக்கறாங்க."

கொடுத்தார். எல்தோ வாங்கி சாக்கோவுக்குக் கொடுத்தான். சமாதானம் கதவு வரைக்கும் போனது.

எல்லாம் முடிந்ததும் ரம்பாச்சன் எங்களைத் திட்டவில்லை. "எல்தோவுக்கு விருப்பம் இருந்தால் நாளைக்கு வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் எல்தோ பையில் துணி அடுக்கினான். வர்கீஸ் அறை வாசலில் வந்து நின்றார். நான் அவருக்குப் பின்னால். துணியை எடுத்துக் கொடுப்பதா, பக்கத்தில் உட்காருவதா என்று தெரியாமல் அவர் கதவுப் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உம்மேல எவ்ளோ பெரிய பழியப் போட்டுட்டேன்" என்றார்.

"அது பரவால்லப்பா." எல்தோ ஒரு சட்டையை உதறி மடித்தான். "வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது எவ்ளோ நேரம் உங்க மூஞ்சியப் பாத்துகினு இருந்தேன். வேணாண்டா, நீ இல்லாம எங்களால முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு. சொல்லியிருந்தா இருந்திருப்பேன்."

வர்கீஸ் வாயைத் திறந்தார். ஊர் முழுக்கப் பிள்ளை கேட்ட வாய். எல்தோ சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பையில் போடாமல், நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தான். இன்னும் நேரம் இருந்தது. அவன் காத்துக்கொண்டுதான் இருந்தான்.

காலையில் சபை நடுவில் நின்றுவிட்டு, சாயங்காலம் போகாதே என்று சொல்ல இவருக்கு முகம் இல்லை. அவராவது போகட்டும், நான் சொல்லியிருக்கலாம், பெற்றவள்தானே. எனக்கும் அதே வெட்கம். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவன் கொஞ்சம் பொறுத்துவிட்டு, சட்டையைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான்.