ஒற்றைச் செருப்போடு நின்ற பெண்

2023 மார்ச் 14. வாடிக்கையாளர் கிருஷ்ணம்மாவின் பழைய கலியாணப் படத்தைக் கணினியில் திருத்தும்போது, பின்வரிசையில் கையில் ஒற்றைச் செருப்போடு நின்ற ஒரு பெண்ணை அழித்துவிட்டேன். தலை முதல் கால் வரை நனைந்திருந்ததால் படத்தில் ஈரம் பட்ட கறை என்று நினைத்தேன். கேட்டுவிட்டு அழித்திருக்க வேண்டும். சிறிய பிழை.

மாத்தளையில் நடந்த மாலை வகுப்பில், நாளுக்கொரு பிழையைக் குறிப்பேட்டில் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். நிஷாந்திக்குப் பிழைகளுக்குப் பஞ்சம் வந்ததில்லை. மலைநாட்டு இரத்தோட்டையில், பஸ் நிலையத்துக்கு எதிரில் பஸ்லியின் போட்டோக் கொப்பிக் கடையில் பழைய படங்களைக் கணினியில் ஏற்றித் துப்புரவாக்குவது அவள் வேலை. செய்து முடித்த ஒவ்வொன்றையும் சரியாகத்தான் செய்தேனா என்று மறுபடி திறந்து பார்ப்பாள். தாய் குவைத்தில் இருந்தாள். வாடகை அறையில் நிஷாந்தி ஒருவருக்குச் சமைத்து ஒருத்தியாகச் சாப்பிட்டாள்.

அந்த வருடம் தை மாதம் தொடங்கி, அவள் மேசையிலிருந்த படங்களில் கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கியது. படங்கள் சிப்பித்துறையுடையவை. அது கிழக்குக் கரையில் இருந்த சின்னப் பட்டணம். பல வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் காலையில் கடல் அதை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. அன்று கருவாட்டு மூட்டைகளோடு லொறியில் இரத்தோட்டைச் சந்தைக்கு வந்திருந்த மேர்வின் திரும்பிப் போக ஊர் இருக்கவில்லை. சந்தையிலேயே கடை போட்டுத் தங்கிவிட்டார். ஊரின் சரித்திரம் தன்னோடு போய்விடக் கூடாது என்று, மிஞ்சியவர்களுக்கெல்லாம் எழுதிப் போட்டு, ஆளுக்கொன்றாக வந்த படங்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் சேர்த்தார். தகரம் நிறைந்ததும் பஸ்லியின் கடைக்குக் கொண்டுவந்தார். கடல் ஏறும் நேரம் அவற்றில் மாதா கோயிலின் படிகள் மூழ்கும். வற்றிய பிறகு ஓரங்களில் உப்புப் பூத்திருக்கும். நிஷாந்தி வற்றும்வரை காத்திருந்து, உப்பைத் தூரிகையால் தட்டி, பழைய பேப்பரில் ஒற்றியெடுத்துத்தான் ஸ்கேன் பண்ணுவாள். "மெஷினுக்குள்ள மீன் போனா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்" என்பார் பஸ்லி. வேறு ஒன்றும் சொல்லமாட்டார்.

மாசியில், இன்னும் ஸ்கேன் பண்ணாத படங்களிலிருந்து ஆட்கள் போகத் தொடங்கினார்கள். திருநாள் படத்தில் கொடிகள் மட்டும் மிஞ்சின. சந்தைப் படத்தில் தராசு தனியே தொங்கியது. தான் மெஷினின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்ததால்தான் போனார்களோ என்று நிஷாந்தி இரவெல்லாம் யோசித்து, காலையில் மேர்வினிடம் சொன்னாள். அவர் வெற்றுப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"கடல் ஏறுதுன்னா மனுசன் நிப்பானா, புள்ள? இந்தத் தடவ முந்தியே கெளம்பிட்டாங்க."

எங்கே போனார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. மார்ச் 22ஆம் திகதி மாலை, மேர்வின் சட்டைப் பையிலிருந்து கடைசிப் படத்தை எடுத்து வைத்தார். அதுவரை பயத்தில் அவர் யாரிடமும் கொடுக்காத படம் அது. அவருடைய மனைவி அஞ்சலாவின் ஒரே படம். மாதா கோயில் மதில் இருந்தது. மதிலடியில் ஒரு செருப்புக் கிடந்தது. அஞ்சலா இல்லை.

"மத்தச் செருப்பு வார் அறுந்தது. கையில வச்சிருப்பா" என்றார் மேர்வின். "வந்து தச்சுத் தாறேன்னு சொல்லிட்டுத்தான் லொறியில ஏறினேன். எங்கயாவது போய்ச் சேந்தாளான்னு தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

நிஷாந்தி எழுந்து மெஷினுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வந்து சொன்னாள்.

"அங்கிள், ஆன்ட்டி வந்தாங்க. ஒரு கலியாணப் படத்துல நின்னாங்க. நான்தான் கறைன்னு நெனச்சு அழிச்சிட்டேன்."

மேர்வின் படத்தை மறுபடி கையில் எடுத்தார். பஸ்லிதான் பேசினார். "நீ அழிச்சது கம்பியூட்டர்லதானே? பழைய படத்த அந்தம்மாகிட்டத் திருப்பிக் குடுத்தாய்தானே? அழுவாம போன்ல கோல் எடு."

கிருஷ்ணம்மா ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தாள். மூடுபனி விலகினால்தான் அங்கே போன் எடுபடும். அன்று விலகியது.

"அந்தப் பொம்பளையா? அவ மாசியிலேயே வந்துட்டாளே" என்றாள் கிருஷ்ணம்மா. "நீ குடுத்த பெரிய படத்துல அவளக் காணோம். அதான் பழசையே மாட்டியிருக்கேன். தண்ணி சொட்டுதுன்னு கீழ ஒரு வாளி வெச்சிருக்கேன். ஏம்மா, அவளுக்கு ஆளு இருக்கா?"

"இருக்காரு."

"அப்ப வரச் சொல்லு. எங் கலியாணத்துக்கு வந்தவ, சாப்பிடாமயே நிக்கிறா."

மேர்வின் இதைக் கேட்டு, கடைசிப் படத்தைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கருவாட்டுக் கடையைப் பூட்டப் போனார். பஸ்லியும் நிஷாந்தியும் கடையில் கிடந்த இந்தப் பக்கத்துப் படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். பாடசாலை உதைபந்தாட்டக் குழுவின் பின்னால் ஒருவன் துடுப்போடு நின்றான். தோட்டத்துத் தேர்த்திருவிழாவில் மூட்டை சுமந்த ஒரு குடும்பம் நிழலில் உட்கார்ந்திருந்தது. நாவுலையில் எடுத்த ஒரு பிறந்தநாள் படத்தில் நனைந்த பிள்ளைகள் கேக்குக்குக் கிட்ட வந்திருந்தார்கள். படங்களுக்குச் சொந்தக்காரர்களிடம் போனில் கேட்டபோது ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. சிலர் வீட்டிலிருந்த படத்துக்குக் கீழே ஏற்கெனவே துணி விரித்திருந்தார்கள். சிப்பித்துறையின் சரித்திரத்தை இனிமேல் மாத்தளைக்காரர்களின் படங்களிலிருந்துதான் சேர்க்க வேண்டும் என்று பஸ்லி சொன்னார்; ஆட்கள் மலைக்கு வந்துவிட்டால் மலையில்தானே தேட வேண்டும்.

அறைக்குத் திரும்பியதும் நிஷாந்தி தன் அடையாள அட்டையை எடுத்து விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கென்று இருந்த படம் அது ஒன்றுதான். பின்னால் யாரும் இல்லை. இன்னும் ஒருதரம் பார்த்துவிட்டு, மடித்த துணிகளுக்கு மேலே அட்டையை, யாராவது நனைந்து வந்தால் தெரியும்படி வைத்துவிட்டு எழுதினாள்.

மார்ச் 22. பிழை சிறியதல்ல. நாளை: மேர்வின் அங்கிளோடு முதல் பஸ்ஸில் கிருஷ்ணம்மா வீட்டுக்குப் போவது. காய்ந்த துவாய் ஒன்று. ஒருவருக்குச் சோற்றுப் பார்சல். செருப்புத் தைக்கிற ஊசியும் நூலும்.