பாட்டிலில் இடம் இருக்கிறது

சவப்பெட்டியை மூட வந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வெர்னா கைப்பையைத் துழாவி ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்தாள்.

"ஐயோ அண்ணி, அதையும் கொண்டாந்துட்டீங்களா!" என்றான் கொழுந்தன் ஹெட்லி. "உள்ள எத்தனை? போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் நாப்பத்தொண்ணுன்னான். புளுகன்!"

உள்ளே இருந்தவை அவள் கணவன் ஆம்ப்ரோஸின் பித்தப்பைக் கற்கள். எழுபத்தொன்றாம் வருஷக் குளிரில் பை சீழ்பிடித்து, ஜுரத்தில் பிதற்றியவனைப் பனிவண்டியில் கட்டி, உறைந்த விரிகுடாவைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பையை வெட்டியெடுத்தால் ஆள் தாங்கமாட்டான் என்று டாக்டர் அதைக் கீறி, சீழை வடித்து, கற்களை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்தனுப்பினார். பிழைத்து வந்தவன் சும்மா இருந்தானா? முதல் வருஷம் இருபத்துமூன்று கல். மீனவர் சங்கக் கூட்டத்தில் அது முப்பதானது. பனிவண்டிக்கு ஒரு வெள்ளைக் கரடி ஒதுங்கி வழிவிட்டதும் அப்போதுதான் சேர்ந்தது.

"இருபத்துமூணுதான்!" என்று வெர்னா அடுப்படியிலிருந்து கத்துவாள். ஐம்பது வருஷம் கத்தினாள்.

போன வாரம் அதே பை மறுபடி சீழ்பிடித்தது. இப்போது வயது எண்பத்துநாலு. உள்ளே அழுகிவிட்டது, எடுத்தே ஆகவேண்டும் என்றாள் டாக்டரம்மா. தள்ளுகட்டிலில் போகும்போது ஆம்ப்ரோஸ், "கல்லைக் கேட்டு வாங்கிக்கடி. பாட்டில்ல இன்னும் இடம் இருக்கு, பாத்துட்டுதான் வந்தேன்" என்றான். அறுவைச் சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் இதயம் நின்றுவிட்டது.

அவனிடம் அவள் சொல்லாதது ஒன்று இருந்தது. எண்பத்துமூன்றாம் வருஷம் பாட்டில் கைதவறிப் பாத்திரத்தொட்டியில் உடைந்து, கற்கள் தண்ணீரோடு போய்விட்டன. நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் கூழாங்கல்லுக்கா பஞ்சம்? இருபத்துமூன்றைப் பொறுக்கி வேறு பாட்டிலில் போட்டு, அலமாரி உச்சியில் வைத்தாள். அதன்பின் குற்றவுணர்வில் அதைத் தொட்டதே இல்லை. மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

குனிந்து, ஒவ்வொரு கல்லாக அவன் கோட்டுப் பையில் போட்டாள். உதடு மட்டும் அசைந்தது. இருபத்துமூன்று. அவள் பொறுக்கிப் போட்டது அவ்வளவுதான்; பாட்டிலில் இன்னும் கற்கள் கிடந்தன. அவள் கை நின்றது. பிறகு மறுபடி போட்டாள். நாற்பது. கடைசியாக உள்ளங்கையில் விழுந்தது கடலில் உருண்டு மழுங்கிய பச்சைக் கண்ணாடித் துண்டு.

"அண்ணி? எத்தனை?"

"நாப்பத்தொண்ணு" என்றாள் வெர்னா. "உங்கண்ணன் சரியாத்தான் சொல்லியிருக்கார்."

மூடியை இறக்கினார்கள். பச்சைத் துண்டு அவள் கையுறைக்குள் இருந்தது.