செவலைக்குக் குறைந்த உப்பு

மீனாட்சிபுரத்தில் நான்கு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் பூவாத்தாளுக்குச் செவலைப் பசுவால் நிம்மதி போயிற்று. தீனி வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். சுவரை நக்கும், கொடியில் காயும் துண்டை இழுத்து மெல்லும். விலா எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

மிருகாசுபத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் அம்ருதா, பாலக்காட்டுக் கல்பாத்திக்காரி, பி12 வைட்டமின் ஊசி போட்டாள். ஒரு வாரத்தில் செவலை தீனி எடுத்தது. ஆறு வாரம் போனதும் மறுபடி பழையபடி ஆகிவிட்டது. சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்றார் பூவாத்தாளின் கணவர் ஆறுச்சாமி.

பூவாத்தாள் நேரே ஆசுபத்திரிக்குப் போனாள். அத்தனை பேர் முன்னால் கேட்டாள்: "ஏனுங் டாக்டரம்மா, நீங்க போட்டது மருந்துங்களா, வெறுந் தண்ணிங்களா?"

அம்ருதாவின் முகம் சுருங்கிப்போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளென்றும் பாராமல் அம்ருதா பூவாத்தாள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தீனித்தொட்டியைக் கிளறிப் பார்த்தாள். வைக்கோலைத் தவிர ஒன்றுமில்லை. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் மறுபடி வந்தாள்.

"ஊசில தப்பில்லைக்கா. இந்த வைட்டமினை மாட்டோட வயத்துக்குள்ளயே கிருமிகள் உண்டாக்கித் தரும். அதுக்குக் கோபால்ட்னு ஒரு தாது உப்பு துளியூண்டு வேணும். உங்க வைக்கோல்ல அது போறலை. நான் வெளியேர்ந்து குடுத்தது தீர்ந்ததும் பழையபடி ஆயிடுத்து."

தாதுஉப்புக் கலவைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, தினமும் தவிட்டில் கலந்து நாலு மாட்டுக்கும் வைக்கச் சொன்னாள். ஊசியும் இன்னொன்று போட்டாள்.

மூன்று மாதமாயிற்று. செவலை இளைக்கவில்லை. தோல் மினுமினுத்தது, தொட்டியை நக்கிக் காலி செய்தது. சந்தைப் பேச்சை எடுத்த ஆறுச்சாமியே இப்போது பசும்புல் அறுத்து வந்து போட்டார்.

பூவாத்தாள் மறுபடி ஆசுபத்திரிக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் கண் கலங்கிவிட்டது.

"அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டனுங்க. நீங்க மனசுல வெக்காம ஊடு தேடி வந்தீங்க. எம்பட மாடு பொழைச்சுதுங்க, அம்மிணி."

அம்ருதா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வந்து சண்டை போட்டதுதான் நல்லதாப் போச்சு அக்கா. இல்லைன்னா ஒரு ஊசியிலயே தேறிடுத்துன்னு நான் நெனச்சிண்டிருப்பேன்."